தைக்குள் மூக்கை நேராக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 26 வயது. கோத்தகிரி அருகே ஒரு கிராமம். குன்னூரில் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றில் டீ டேஸ்டர் வேலைக்கு, அதாவது தேநீரைச் சுவைத்து முகர்ந்து தரம் சொல்லும் வேலைக்கு, பயிற்சி பெற்று வருகிறேன். பத்து வயதில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து மூக்கில் அடிபட்டது. வீங்கியது, பற்றுப் போட்டார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் வளர வளர மூக்கு இடப்பக்கமாக வளைந்துவிட்டது. வளைவு இடப்பக்கம், அடைப்பதோ வலது மூக்கு. இரவில் வாய் திறந்துதான் தூங்குகிறேன். வரும் தையில் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகைப்படத்தில் பார்க்கும்போது எனக்குத்தான் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஓர் இடத்தில், ஊசி போட்டு இருபது நிமிடத்தில் நேராக்கிவிடலாம் என்றார்கள். இன்னொரு மருத்துவர் அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார். மூக்கில் கத்தி வைத்தால் கண் போய்விடும் என்று அம்மா அழுகிறார். எனக்கோ வாசனை போய்விடுமோ என்று பயம். வேலையே அதை நம்பித்தான் இருக்கிறது. தைக்குள் செய்துகொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தைக்குள் வேண்டாம். ஊசி எப்போதுமே வேண்டாம். அறுவை சிகிச்சை உங்களுக்குப் பயன்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைத் திருமணத்துக்குப் பிறகு, ஆற அமர, முதலில் மூச்சுக்காகவும் அப்புறம் முகத்துக்காகவும் செய்துகொள்ளுங்கள். கடிதத்தில் முகம் முதலிலும் மூச்சு இரண்டாவதாகவும் வந்திருக்கிறது. என்னிடம் வருகிற பலரும் அப்படித்தான் சொல்வார்கள். பதினாறு வருடமாக ஒரு பக்கத்தால் மட்டும் மூச்சுவிட்டுப் பழகியவருக்கு அது குறையாகவே தெரியாது.

முதலில் அடைப்பைப் பார்ப்போம். மூக்கின் இரண்டு துளைகளும் எல்லா நேரமும் சமமாகத் திறந்திருப்பதில்லை. உள்ளே பக்கச் சுவர்களில் இருக்கும் சதைகள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் வடிந்து, முறை மாற்றிக்கொண்டே இருக்கும். எனவே காலையில் வலது, மாலையில் இடது என்று அடைப்பு மாறிக்கொண்டிருந்தால் அது மூக்குத் தண்டு, அதாவது இரண்டு துளைகளுக்கும் நடுவே நிற்கும் சுவர், வளைந்ததால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு, பெரும்பாலும் ஒவ்வாமை. நீங்கள் சொல்வது போல் ஒரே பக்கம், வருடக்கணக்காக, கோடையிலும் பனியிலும் அடைத்திருந்தால் அங்கே ஏதோ ஒன்று வழியை மறித்து நிற்கிறது என்று பொருள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வலது கன்னத்தில், மூக்கை ஒட்டி இரண்டு விரலை வைத்து, தோலைக் காதுப் பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டே மூச்சை உள்ளிழுங்கள். சட்டென்று வழி திறந்தால் அடைப்பு மூக்கின் நடுப்பகுதியில், பக்கக் குருத்தெலும்பு தண்டோடு சேரும் குறுகிய இடத்தில் இருக்கக்கூடும். மூக்கிலேயே மிகக் குறுகலான வாசல் அது. அங்கே இருக்க வேண்டிய கோணமே 10 முதல் 15 டிகிரிதான். சிறிது சாய்ந்தாலும் மூச்சு திணறும். வளைவு இடப்பக்கம் புடைத்திருக்க, அடைப்பு வலப்பக்கம் ஏன் என்ற உங்கள் குழப்பத்துக்கும் விடை அநேகமாக இங்கேதான். மூக்கு இடப்பக்கம் வில்லாக வளையும்போது வலப்பக்கம் உள்வாங்கிக் குழிந்துவிடுகிறது. அந்தக் குழிவில்தான் வாசல் நசுங்கும். போதாக்குறைக்குத் தண்டு உள்ளே ஒரே பக்கமாக வளையாமல் முன்னால் ஒரு பக்கமும் பின்னால் மறுபக்கமும் நெளிவதும் உண்டு. அதை எண்டோஸ்கோப் என்னும் விளக்கு பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெளியே நின்று முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘நேராக்கிவிடலாம்’ என்பவரை நம்பாதீர்கள்.

மருத்துவர் செய்யும் இன்னொரு சோதனையும் எளிமையானது. வீக்கம் வடிக்கும் மருந்தை மூக்கில் அடித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்ப்பார். அடைப்பு விலகிவிட்டால் சதை வீக்கம்தான் காரணம். அப்படியே இருந்தால் எலும்போ குருத்தெலும்போ வழியை மறிக்கிறது. அந்த மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் போனால் மருந்து இல்லாதபோதெல்லாம் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்க ஆரம்பிக்கும். குளிர்காலம் முழுவதும் அந்தச் சொட்டு மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிபவர்களை இந்த மலையில் நிறையவே பார்க்கிறேன்.

நீலகிரித் தைலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். தைலத்தை முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்டது போல இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுவதால் வரும் உணர்வு அது. வழி ஒரு நூல்கூட அகலமாவதில்லை. முகர்ந்துகொள்வதில் தவறில்லை. மூக்குக்குள் எண்ணெயாகவே விடுவது தவறு. அது நுரையீரல்வரை இறங்கித் தொல்லை கொடுக்கும். டேஸ்டிங் நாட்களில் முகர்வதும் வேண்டாம் என்பது உங்கள் பயிற்சியாளருக்கே தெரிந்திருக்கும்.

இனி, வளைந்தது எது என்பது. மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. கீழே உள்ள மீதி குருத்தெலும்பு. இரண்டு துளைகளையும் பிரித்து நடுவே நிற்கும் சுவரைத்தான் மூக்குத் தண்டு என்கிறோம். அதன் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி மெல்லிய எலும்பு. கூடாரத்துக்கு நடுக்கம்பம் எப்படியோ, மூக்குக்குத் தண்டு அப்படி. கம்பம் சாய்ந்திருக்கத் துணியை மட்டும் இழுத்துக் கட்டினால் நிற்காது. வெளியே தெரியும் கோணலில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் இந்தக் கோணலிலிருந்துதான் வருகிறது. தண்டைத் தொடாமல் வெளி எலும்பை மட்டும் தட்டி நேராக்கினால் சில மாதங்களில் மூக்கு பழைய பக்கமே திரும்பிவிடும். வெளியே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் சரிசெய்தாலும், உங்களைப் போல நடுப்பகுதியே குழிந்திருப்பவருக்கு மூச்சு முழுமையாகத் திறக்காது. ஆகவே உங்கள் விஷயத்தில் அழகும் மூச்சும் ஒரே அறுவையில், ஒரே மேசையில் முடிய வேண்டிய வேலை.

பத்து வயதில் விழுந்தது இத்தனை தூரம் வருமா என்று கேட்கலாம். வரும். குழந்தையின் மூக்கில் குருத்தெலும்புதான் அதிகம். அதில் ஏற்படும் சிறு விரிசல் படம் பிடித்தாலும் தெரியாது. பிறகு பருவ வயதில் மூக்கு வேகமாக வளரும்போது அடிபட்ட பக்கம் ஒரு மாதிரியும் அடிபடாத பக்கம் ஒரு மாதிரியும் வளர்ந்து கோணல் வெளிப்படுகிறது. உங்கள் வீட்டார்மேல் குற்றமில்லை.

ஆனால் இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பிள்ளை விழுந்து மூக்கில் அடிபட்டால் அன்றே மூக்கின் உள்ளே விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டின்மேல் படர்ந்த சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் கட்டிக்கொண்டால், துளையின் உட்புறம் சிவந்தோ நீலம் பாய்ந்தோ மெத்தென்று உப்பியிருக்கும். மூக்கு முழுதும் அடைத்துக்கொள்ளும். வலி குறையாமல் கூடும். குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது. அந்தச் சவ்விலிருந்துதான் அதற்கு உணவு. சவ்வு பிரிந்து மூன்று நான்கு நாள் போனால் குருத்தெலும்பு செத்துவிடும், சீழ் பிடிக்கும், மூக்கு நடுவில் பள்ளமாக இறங்கிவிடும். கட்டிய இரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது சில நிமிட வேலை. வெறும் எலும்பு நகர்ந்திருந்தால் வீக்கம் வடிந்ததும், குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள்ளும், பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் வெட்டாமலே தூக்கி வைத்துவிடலாம். அந்தக் காலம் தாண்டினால் எலும்பு கோணலாகவே கூடிவிடும், பிறகு அறுவைதான். மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக, நிற்காமல் சொட்டினால் மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும்; பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஊசிக்கு வருகிறேன். அவர்கள் போடுவது ஃபில்லர் எனப்படும் பசை போன்ற மருந்து. வளைவின் மேலும் கீழும் குழிந்த இடத்தை அது நிரப்பும். பார்வைக்கு நேர்கோடு போலத் தோன்றும். மூக்கு நேராவதில்லை. சற்றுப் பெரிதாகிறது, அவ்வளவுதான். மூச்சுக்கு எந்தப் பயனும் இல்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் கரைந்துவிடும். மறுபடி போட வேண்டும். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. மூக்கின் தோலுக்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. ஊசி தவறி ஒரு குழாய்க்குள் இறங்கி, மருந்து அழுத்தத்தில் பின்னோக்கிப் போனால் விழித்திரைக்கு இரத்தம் நின்றுவிடும்; அப்படிப் பறிபோன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. மூக்கின் தோலே அழுகிப் போனவர்களும் உண்டு. அரிதுதான், ஆனால் முகத்தில் ஃபில்லர் போடும் இடங்களில் மூக்கு மிக ஆபத்தானவற்றுள் ஒன்று. ஆக, அம்மா பயந்தது வீண் பயமல்ல. பயப்பட வேண்டியது கத்தியைப் பார்த்தல்ல, அந்த ஊசியைப் பார்த்து. கோணல் மூக்கை நேராக்கும் அறுவையில் கண்ணைச் சுற்றி நீலம் பாயும், இமை வீங்கும், இரண்டு வாரத்தில் வடியும். பார்வை போவது அதில் மிக மிக அரிது. அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

மூக்கு அறுவை என்றாலே பழங்கால இந்திய அறுவை மருத்துவரான சுஸ்ருதரை இழுக்காமல் எழுதக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அவர் சொன்னது அறுபட்ட மூக்குக்குக் கன்னத்துத் தோலால் புது மூக்கு அமைக்கும் முறை. உங்களுக்கு மூக்கு இருக்கிறது, அது வளைந்திருக்கிறது. வேலை வேறு.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு துளைகளுக்கும் நடுவில், கீழே இருக்கும் சிறு தூணில் மிகச் சிறிய வெட்டு ஒன்று போட்டுத் தோலை மேலே தூக்குவார்கள்; வெட்டு முழுவதும் உள்ளேயே இருக்கும் முறையும் உண்டு. அதிகமாகக் கோணிய மூக்குக்குத் திறந்து செய்வதையே நான் விரும்புவேன், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதால். வெளித் தழும்பு ஆறு மாதத்தில் தேடினால்தான் தெரியும். பிறகு தண்டிலிருந்து சவ்வை உரித்து, வளைந்த துண்டை எடுப்பார்கள். முழுவதையும் எடுத்துவிட முடியாது. மேலேயும் முன்னாலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும். மூக்கைத் தாங்கி நிற்பது அதுதான். எடுத்த துண்டு வீணாகாது. அதைச் சிறு பட்டையாகச் சீவி, உங்களுக்குக் குழிந்திருக்கும் வலப்பக்க வாசலில் தண்டுக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே செருகித் தைப்பார்கள். நசுங்கிய கோணம் விரியும், வளைவும் நேராகும். ஜாக் ஷீன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1984இல் விவரித்த முறை இது. இன்றும் கோணல் மூக்குக்கு இதைவிட நம்பகமான கைவேலை குறைவு. கடைசியாக மேல் எலும்பைச் சிறு உளியால் பக்கவாட்டில் கீறி, நடுவுக்கு நகர்த்தி, மேலே கட்டுப் போடுவார்கள். ஒரு வாரத்தில் கட்டைப் பிரிப்பார்கள்.

கிடைப்பது நூல் பிடித்த நேர்கோடு அல்ல. குருத்தெலும்புக்குப் பழைய வளைவுக்கே திரும்பும் குணம் உண்டு. அதனால்தான் அறுவைக்குப் பிறகு சிறிதளவு கோணல் மீள்வது இயல்பு. இரண்டாவது முறை திருத்த வேண்டி வருவோர் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 பேர். கோணல் மூக்கு அந்தக் கணக்கின் மேல் ஓரத்தில்தான் இருக்கும். இன்னொன்று: யாருடைய முகத்திலும் இடமும் வலமும் ஒன்றாக இருப்பதில்லை. புருவ நடு, மேலுதட்டின் நடுப்பள்ளம், தாடையின் நடு மூன்றையும் ஒரு படத்தில் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடே சாய்ந்திருந்தால் நேரான மூக்கும் அங்கே சாய்ந்துதான் தெரியும். நல்ல மருத்துவர் இதை அறுவைக்கு முன்பே உங்களுக்குக் காட்டுவார்.

இப்போது வாசனை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

வாசனையை உணரும் நரம்புகள் மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, சில சதுர சென்டிமீட்டர் சவ்வில் இருக்கின்றன. தண்டில் கத்தி படும் இடம் பெரும்பாலும் அதற்குக் கீழேயும் முன்னேயும். எனவே நிரந்தரமாக வாசனை போவது அரிது. ஆனால் தற்காலிகமாக மங்குவது நிச்சயம். வீக்கமும் உள்ளே உலரும் சளியும் காற்றை உச்சிவரை போக விடாது. பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்புகிறது. சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். கணக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. உங்களுக்கு அப்படியல்ல.

டேஸ்டர்கள் கரண்டியிலிருந்து டீயைச் ‘சர்ர்’ என்று சத்தத்தோடு உறிஞ்சுவதைப் பார்த்து வெளியாட்கள் சிரிப்பார்கள். அப்படி உறிஞ்சினால்தான் டீ சிறு துளிகளாகச் சிதறி, அதன் மணம் அண்ணத்துக்குப் பின்னால் ஏறி மூக்கின் உச்சியைத் தொடும். நாக்குக்குத் தெரிவது கசப்பு, துவர்ப்பு போன்ற சிலதான். உயர்மலைத் தேயிலையின் பூமணம் என்று நீங்கள் குறித்து வைப்பதெல்லாம் மூக்கின் வேலை. பின்வழியாக வரும் இந்த மணத்துக்கும் மேலே திறந்த வழி வேண்டும். உங்கள் வலப்பக்கம் அடைத்திருப்பதால் இதுவரை நீங்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தையே நம்பி வேலை கற்றிருக்கலாம். ஒரு துளையை மூடிக்கொண்டு மறு துளையால் உலர்ந்த தேயிலை, ஏலக்காய், காப்பித்தூள் மூன்றையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவா, வலது மங்கலா என்று எழுதி வையுங்கள். மங்கலாக இருந்தால் வழி திறந்தபின் அந்தப் பக்கம் கூர்மையாகவும் வாய்ப்பு உண்டு. உறுதி தர மாட்டேன். அறுவைக்கு முன்பே மருத்துவமனையில் முறையான வாசனைச் சோதனை ஒன்று செய்து தாளில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாறினால், மாறியதா இல்லையா என்று அந்தத் தாள் சொல்லும். உங்கள் தொழிலை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். தண்டின் உச்சிப் பகுதியில் கை வைக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று அவர் இருமுறை யோசிப்பார்.

இதிலிருந்தே காலமும் தெரிந்துவிடுகிறது. நீலகிரியின் நல்ல தேயிலை பனிக்காலத்தில்தான் வரும், மார்கழியிலிருந்து மாசி பங்குனிவரை. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மாதங்கள் இல்லை. புரட்டாசியில் கேட்கிறீர்கள், ஐப்பசியில் அறுவை என்றால் மூக்கு மங்கியிருக்கும் நாட்கள் சரியாக அந்தப் பருவத்தின் வாசலில் வந்து விழும்.

மலைப்பாதையும் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. அறுவைக்குப் பிறகு இரத்தக் கசிவு வரக்கூடிய நாட்கள் முதல் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றால் என்ன செய்வது? இதற்காகவே மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: கோயம்புத்தூரில் செய்துகொண்டால், அந்த இரண்டு வாரமும் கீழேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தால் தலையில் இரத்த அழுத்தம் ஏறி, அடங்கிய கசிவு மறுபடி தொடங்கும். காதுக்கும் ஒரு சேதி: கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் சுமார் 1,500 மீட்டர் உயர வேறுபாடு. காற்றழுத்தம் மேலே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது காது தானாகத் திறந்துகொள்ளும்; இறங்கும்போதுதான் அடைத்து வலிக்கும். மூக்கு வீங்கியிருக்கும் நாட்களில் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்கக் கூடாது, தையல் விட்டுவிடும். விழுங்கிக்கொண்டே, எதையாவது மென்றுகொண்டே இறங்குங்கள். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, ஐப்பசியில் செய்து தைக்குள் தேறியவர்கள் உண்டு என்று யாராவது சொன்னால் அது பொய்யல்ல. மூன்று மாதத்தில் முகம் பார்க்கும்படியாகிவிடும். ஆனால் நுனி வீக்கமும் மரத்த உணர்வும் இருக்கும். மூக்கின் முடிவான வடிவம் தெரிய ஓராண்டு ஆகும். ஓமப் புகை, இரவெல்லாம் விழிப்பு, கூட்டத்தில் யாராவது ஒரு குழந்தை தலையால் இடிப்பது என்று கல்யாண வீட்டில் புது மூக்குக்கு ஆகாதவை எல்லாம் ஒரே நாளில் நடக்கும். திருமணம் முடிந்து, கோடைச் சீசன் நெரிசலும் ஓய்ந்து, ஆனி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கருத்தரித்துவிட்டால் பிரசவம் முடிந்து சில மாதம் வரை தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்தில் மூக்கடைப்பு தானாகவே கூடும். பயப்பட வேண்டாம், பிறகு வடிந்துவிடும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கம்பளியை வெயில் அடிக்கும்போதெல்லாம் உலர்த்துங்கள். சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தால் துடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். விறகடுப்புப் புகை படுக்கும் அறைக்கு வராமல் பாருங்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு கலந்து காலை மாலை மூக்கைக் கழுவலாம். தும்மலும் அரிப்பும் இருந்தால் ஒவ்வாமையையும் பார்க்கச் சொல்லுங்கள். அறுவை தண்டை நேராக்கும், ஒவ்வாமையை அல்ல. குறட்டையும் தலைவலியும் மூக்கோடு போய்விடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

செலவு: அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. விபத்தில் சிதைந்ததைச் சீராக்குவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே பத்து வயதில் பார்த்த மருத்துவச் சீட்டு எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். பல பாலிசிகளில் மூக்குத் தண்டு வளைவுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பு உண்டு, அதையும் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஊட்டியில் இருக்கிறது, கோயம்புத்தூரில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவும் இருக்கிறது.

புகைப்படத்துக்கு ஓர் உபாயம். ஓரடி தூரத்தில் பிடித்த செல்ஃபியில் மூக்கு உண்மையைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து உங்கள் முகத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். கல்யாணப் படக்காரரை ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கடித்தால் நிழல் விழுந்து வளைவு கூடித் தெரியும். முன்னாலிருந்து பரவலான வெளிச்சம் போதும். மூக்குத்தியை ஆசை தீரப் போட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் அதைக் கழற்ற வேண்டும், குறைந்தது ஆறு வாரம் போட முடியாது; துளை தூர்ந்துபோனால் பிறகு புதிதாகத்தான் குத்த வேண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடி அணிபவராக இருந்தால் அதற்கும் அதே ஆறு வாரம்.

ஆனியில் மருத்துவரிடம் போகும்போது அடிபடுவதற்கு முன் எடுத்த பள்ளிப் படம் ஒன்று, நீங்கள் எழுதி வைத்த வாசனைக் குறிப்பு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் கொண்டு போங்கள். வலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். அவற்றுள் சில, இரத்தத்தை உறையவிடாது. அவர் உங்கள் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபின், ‘உள்ளே தண்டையும் வெளியே வளைவையும் நீங்களே சேர்த்துச் சரிசெய்வீர்களா?’ என்று கேளுங்கள். ‘ஒன்று என் வேலை, மற்றது வேறு மருத்துவர் வேலை’ என்று அவர் சொன்னால், அந்த மற்றவரும் அதே நாளில் அதே அறுவைக்கு வருவாரா என்று கேளுங்கள். வரமாட்டார் என்றால் வேறு இடம் பாருங்கள்.